காலண்டர் அட்டை, வால்வு டியூப், உடைந்த வளையல்: வகுப்பறைக்குக் குப்பை சேர்க்கும் முறை

அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் ஷீட், ஜிகினாத் தாள், ஃபெவிகால், ஸ்ப்ரே பெயிண்ட் எல்லாம் மளமளவென்று தீர்ந்துபோகும். தலைப்பு என்னவோ 'கழிவிலிருந்து கலை'தான். ஆனால் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு விலைக்குப் புதுப் பொருள் ஒட்டியிருக்கும். கண்காட்சி முடிந்ததும் அத்தனையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். வெறும் பாட்டிலாக இருந்திருந்தால் காயலான் கடைக்காரராவது எடைக்கு எடுத்திருப்பார். பெயிண்டும் ஜிகினாவும் ஏறிய பிறகு அவரும் தொடமாட்டார்.

புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: கிடைத்த பொருளை அழகாக்கப் பார்க்காதீர்கள், அதற்கு என்ன வேலை தெரியும் என்று பாருங்கள். வளையுமா, விறைத்து நிற்குமா, நீர் புகாமல் தாங்குமா, ஒளியை விடுமா, காந்தம் ஒட்டுமா, ஒரே அளவில் நூறு கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே அந்தப் பொருள் எந்தப் பாடத்துக்கு ஆகும் என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்வேன். செய்து முடித்த சாமானில் காசு கொடுத்து வாங்கியது குறைவாகவும் எடுத்துச் சேர்த்தது அதிகமாகவும் இருக்க வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய் யாரையும் காசு கேட்காமல் அதையே மறுபடி செய்ய முடிய வேண்டும். முடியாது என்றால் அந்த டி.எல்.எம். (கற்பிக்கும் துணைக்கருவி) அலமாரிக்குத்தான் அழகு.

எங்கள் பள்ளி சிவகாசிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறிலிருந்து எட்டு வரை அறிவியல் என் பொறுப்பு. தேவைப்படும்போது சின்ன வகுப்புகளுக்குக் கணக்கும் எடுப்பேன். அச்சகம், தீப்பெட்டி, பட்டாசு என்று மூன்று தொழிலும் சுற்றி நடக்கிற ஊர் என்பதால் இங்கே கிடைக்கும் கழிவு வேறு; திருப்பூரில் பனியன் துணி வெட்டுத் துண்டு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், பொள்ளாச்சியில் தேங்காய் மட்டையும் நாரும். அவரவர் ஊரில் எது மிஞ்சுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இந்த வித்தை நம் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வர வேண்டியதும் இல்லை. நுங்கு நோண்டித் தின்ற காய்கள் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. நுங்கு வண்டியில் அச்சும் சக்கரமும் இருக்கின்றன. பூவரசு இலையைச் சுருட்டி ஊதினால் பீப்பீ. இரண்டு காலித் தீப்பெட்டியை நூலால் கட்டினால் டெலிபோன். நூல் தளர்ந்தால் ஏன் குரல் கேட்பதில்லை, நடுவில் விரல் வைத்தால் ஏன் நின்றுவிடுகிறது என்று ஆசிரியர் கேட்டுவிட்டால் ஒலிப் பாடம் தொடங்கிவிடும்.

இதையே பாடமுறையாக இந்தியாவில் பெரிய அளவில் செய்து காட்டியது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. அங்கே 1978-ல் வேலை செய்யப் போனவர்தான் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தீக்குச்சியையும், சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயான வால்வு டியூப்பையும் வைத்து அவர் உருவாக்கிய மாதிரிகள் இன்றைக்கு நாடு முழுவதும் வகுப்பறைகளில் இருக்கின்றன. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கீழே வரும் தீக்குச்சி வேலைக்கும் மோட்டாருக்கும் அவர் வழிதான் மூலம். எங்கள் ஊர்ச் சாமானுக்குத் தக்கபடி நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம் உண்டு.

காலண்டரை முதலில் எடுத்து வையுங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தினசரி காலண்டராவது தொங்கும். மளிகைக் கடையோ நகைக் கடையோ கொடுத்ததாக இருக்கும். டிசம்பர் 31-ஐக் கிழித்ததும் மிஞ்சுவது கெட்டியான அட்டை. மேலே சாமி படம் இருப்பதால் குப்பையில் போட மனம் வராது, பரண் மேல் கிடக்கும். ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் கேட்டால் வகுப்புக்குப் போதுமான அளவு வந்துவிடும். படத்தை வெட்ட வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் மதியுங்கள். படத்தை அப்படியே வைத்துவிட்டு அட்டையின் பின்பக்கத்தை மட்டும் சிறு கரும்பலகையாகவோ கிளிப் மாட்டி எழுதும் பலகையாகவோ பயன்படுத்தலாம்.

கிழித்த தாள்தான் எனக்கு அட்டையைவிடப் பெரிய புதையல். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ஓர் எண், தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் இருக்கும். இதைவிட நல்ல எண் அட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. சின்ன வகுப்பில் ஏறுவரிசை, இறங்குவரிசை, ஒற்றை, இரட்டை எல்லாம் இதிலேயே முடிந்துவிடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இப்படி: ஒரு மாதத் தாள்களைக் கிழமை வாரியாக, வரிசைக்கு ஏழாகத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தாளை எங்கே வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் நடுவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஒன்பதால் பெருக்கிக் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடலாம். 8, 9, 10. 15, 16, 17. 22, 23, 24 என்றால் நடுவில் 16, கூட்டுத்தொகை 144. எப்படி என்று உடனே சொல்லிவிடாதீர்கள். தாளை எடுத்து எடுத்து மாற்றி வைத்து, 'இது நடுவை விட ஒன்று குறைச்சல், அது ஒன்று கூடுதல், ரெண்டும் கழிஞ்சுபோகுது' என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். இயற்கணிதத்தில் எழுத்து எதற்கு வருகிறது என்பது அந்த இடத்தில் புரிந்துவிடும்.

ராகு காலம் வகுத்தல் கணக்குக்கு ஆகும். காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம், அதை எட்டாகப் பிரித்தால் பங்குக்கு ஒன்றரை மணி. திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30. ஒரு வாரத் தாளைக் கொடுத்து நேர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஏழு நாளுக்கு எட்டுப் பங்கு. எந்தப் பங்கு யாருக்கும் விழவில்லை என்று கேளுங்கள். முதல் பங்கு, ஆறிலிருந்து ஏழரை. நம்பிக்கை அவரவர் வீட்டு விஷயம், அதற்குள் நான் போவதில்லை. ஆனால் மணிக்கணக்கைப் பின்னத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு எளிய வழி வேறு எனக்குத் தெரியாது.

நிலாப் பாடத்துக்கு ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை வகுப்பே சேர்ந்து தாள் சேமிக்க வேண்டும். பௌர்ணமி வரை தினமும் சாயங்காலம், அதற்குப் பிறகு விடியற்காலையில், நிலா எங்கே, எந்த வடிவில் தெரிந்தது என்று தாளின் பின்புறம் ஒரு சின்னப் படம். மாதம் முடிந்ததும் சுவரில் வரிசையாக ஒட்டினால், வளர்பிறை அஷ்டமியன்று பொழுது சாயும்போது அரை நிலா உச்சியில் நின்றதும், பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கக் கிழக்கே நிலா ஏறியதும் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். தாளை எண்ணினால் 29 வரும், சில மாதம் 30 வரும். நிலாவின் சுற்று இருபத்தொன்பதரை நாள், அரை நாளைக் கிழிக்க முடியாது என்பதை எண்ணிய பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தீக்குச்சியும் கருவேல முள்ளும்

தீக்குச்சி மரக்குச்சியாக இருக்க வேண்டும். மெழுகுக் குச்சி வளைந்துவிடும், ஆகாது. எரிந்து முடிந்த குச்சியின் கருகிய முனையை ஒடித்துவிட்டால் போதும். எங்களுக்கு மருந்து முக்காத குச்சி கிடைக்கிறது. நீங்கள் டீக்கடையிலோ பூஜை அறையிலோ சேர்க்கச் சொல்லலாம். மருந்துள்ள குச்சியைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சுரண்டச் சொல்லவே சொல்லாதீர்கள்.

வால்வு டியூப் சைக்கிள் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இந்த வேலையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இது ஒன்றுதான், அதுவும் மலிவு. வாங்கவே வேண்டாம் என்றால், எலக்ட்ரீஷியன் வெட்டிப் போட்ட ஒயர்த் துண்டிலிருந்து செம்பை உருவிவிட்டு அந்த உறையைப் பயன்படுத்தலாம். பிடிப்பு சற்றுக் குறைவாக இருக்கும்.

ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு டியூப்பை நறுக்குங்கள். இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு குச்சியைச் செருகினால் வளைந்துகொடுக்கும் மூட்டு தயார். மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். நான்கு குச்சி, நான்கு மூட்டு: சதுரம். இப்போது இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்து நசுக்கச் சொல்லுங்கள். சதுரம் அப்படியே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் அசையாது. ஐங்கோணம், அறுகோணம் எல்லாம் செய்து பார்க்கட்டும், எல்லாமே ஆடும். முக்கோணம் மட்டும் நிற்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எங்கெங்கே முக்கோணம் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னால், மின்கம்பி கோபுரம், சைக்கிள் ஃபிரேம், ஷெட்டுக் கூரை, தண்ணீர்த் தொட்டியின் கால் என்று பட்டியலோடு வருவார்கள்.

சதுரத்தை ஆடாமல் நிறுத்தக் குறுக்கே ஒரு குச்சி வேண்டும். ஆனால் தீக்குச்சி எட்டாது. விளக்குமாற்று ஈர்க்குச்சியை வெட்டிப் பொருத்தட்டும். எவ்வளவு நீளம் தேவைப்பட்டது, பக்கத்தைவிட எத்தனை மடங்கு என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். வேறு வேறு அளவில் சதுரம் செய்தவர்களுக்கும் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கீழே ஏறக்குறைய ஒரே விடை வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டின் வர்க்கமூலத்தை எட்டாம் வகுப்பில் சொல்லும்போது இந்தக் குச்சியை ஞாபகப்படுத்தினால் போதும்.

அடுத்தது மூன்று குச்சி சேரும் மூட்டு. எங்கள் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் முள் இந்த வேலைக்கென்றே வளர்ந்த ஊசி. இரு குச்சி செருகிய மூட்டின் நடுவில் முள்ளால் குத்தி ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் மூன்றாவது குச்சியைச் செருக வேண்டும். ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையிலும் இப்படி ஒரு குச்சியை நட்டு, மேலே மூன்றையும் ஒரே மூட்டில் சேர்த்தால் நான்முகி. அதைத் தரையில் வைத்து மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தாங்கும். கனசதுரத்தையும் செய்து அதே நோட்டை வைத்தால் சரிந்துவிடும். முள் குத்தும் வேலையை நான் ஆறாம் வகுப்புக்குத் தருவதில்லை, ஏழுக்கு மேல்தான்.

ஒரு செல், இரண்டு ஊக்கு, ஒரு மோட்டார்

இது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஆனால் சுருள் சுற்ற ஆரம்பிக்கும் கணத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே செய்யலாம்.

வேண்டியவை: டார்ச்சுக்குப் போடும் பெரிய செல் ஒன்று, இரண்டு ஊக்கு, பஞ்சரான சைக்கிள் டியூப், பாழான ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பியை மோட்டார் வைண்டிங் கடையில் கேளுங்கள். எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த பழைய கம்பி வேண்டாம். அதன் பூச்சு கருகி உதிர்ந்திருக்கும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் மின்சாரம் தாவிவிடும். புதுக் கம்பி சுற்றும்போது கடைசியில் வெட்டிப் போடும் மிச்சத் துண்டுதான் நமக்குத் தேவை. 22 முதல் 24 கேஜ் வரை சரியாக இருக்கும். ரொம்ப மெல்லியது என்றால் நிமிர்ந்து நிற்காது.

சைக்கிள் டியூப்பைக் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் ரப்பர் வளையம் கிடைக்கும். கடையில் விற்கும் ரப்பர் பேண்டைவிடப் பல மடங்கு உழைக்கும். அதைச் செல்லின் நீளவாக்கில் இழுத்து மாட்டி, இரு முனையிலும் ரப்பருக்கு அடியில் ஊக்கின் தலைப் பக்கத்தைச் செருகுங்கள். ஊக்கின் அடியில் இருக்கும் சின்னச் சுருள் வளையம் மேலே நிற்க வேண்டும், இரண்டும் ஒரே உயரத்தில். செல்லின் உடம்பு இரும்புத் தகடு, அதனால் காந்தத்தை நடுவில் வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும்.

கம்பியை இன்னொரு செல்லின் மேல் பத்துச் சுற்று சுற்றி உருவுங்கள். இரு பக்கமும் எதிரெதிரே மூன்று விரற்கடை நீளம் விட்டு, அந்த முனையாலேயே சுருளை இரண்டு தடவை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் சுருள் ஒரு பக்கம் கனத்து நின்றுவிடும். மேசை விளிம்பில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுவேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஒரு முனையில் உப்புத்தாளால் பூச்சை முழுக்கச் சுரண்டிவிடுங்கள். மறு முனையில் பாதியைத்தான் சுரண்ட வேண்டும். சுருளை நட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பியின் மேல்பாதியை மட்டும் சுரண்டி, கீழ்ப்பாதியில் பூச்சை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு இரு முனையையும் ஊக்கு வளையங்களுக்குள் விட்டு, விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் சுற்றத் தொடங்கும்.

சுற்றாவிட்டால் எதை எதைப் பார்ப்பது? பூச்சு சரியாகப் போயிருக்கிறதா, செம்பு பளபளக்கிறதா என்று முதலில். அப்புறம் சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவில் இடைவெளி. இடிக்காமல், ஆனால் நெருக்கமாக இருக்க வேண்டும். அப்புறம் செல். சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பழைய செல்லில் கடிகாரம் ஓடலாம், மோட்டார் ஓடாது. இந்த வேலைக்குப் புது செல் வாங்கியே ஆக வேண்டும். சுருள் நின்ற நிலையில் கம்பி சூடாகும், செல்லும் சீக்கிரம் தீரும். பார்த்து முடித்ததும் சுருளை எடுத்துவிடும் பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏன் பாதி மட்டும்? முழுக்கச் சுரண்டிய சுருள் ஒன்றையும் கூடவே வைத்திருந்து போட்டுக் காட்டுங்கள். அது துடிக்கும், சுற்றாது. அரைச் சுற்று முன்னே தள்ளிய விசை அடுத்த அரைச் சுற்றில் பின்னே இழுக்கிறது. பூச்சு விட்ட பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்சாரம் நிற்கும், இழுக்கும் விசையும் நிற்கும், ஏற்கெனவே கிடைத்த வேகத்திலேயே சுருள் அந்தப் பாதியைக் கடந்துவிடும். காந்தத்தைப் புரட்டி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆயத்தக் கிட்டில் வரும் மூடிய மோட்டாரில் இதில் எதையும் பார்க்க முடியாது.

உடைந்த வளையல்

கலைக்கும் அறிவியலுக்கும் பொதுவான குப்பை என்றால் நான் கண்ணாடி வளையல் துண்டைத்தான் சொல்வேன். சண்டிகரில் நேக் சந்த் என்பவர் சாலைத் துறையில் ஆய்வாளராக வேலை பார்த்தபடி, 1957-லிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு காட்டுப் பகுதியில் இடிந்த கட்டடச் சிதைவுகளையும் உடைந்த பீங்கானையும் வளையல்களையும் கொண்டுபோய்ச் சேர்த்து ஆளுருவங்கள் செய்துவந்தார். 1975-ல்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடிக்காமல் காப்பாற்றி 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதுதான் இன்றைய பாறைத் தோட்டம். அங்கே வளையல் துண்டுகளால் உடம்பு முழுக்க மூடிய பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கும். அவர் வளையலுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. வளையலின் நிறமும் வளைவும் பளபளப்பும்தான் அந்தப் பொம்மைகளுக்குச் சேலை. இந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத்தான் நான் ஓவிய வகுப்பில் வளையல் துண்டைக் கொடுப்பது.

அதே துண்டுகளில் கலைடாஸ்கோப் செய்யலாம். டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் 1816-ல் கண்டுபிடித்தது. முகக் கண்ணாடி அறுக்கும் கடையில் ஓரத்தில் மிஞ்சும் பட்டைகளைக் கேட்டு, 15 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். விளிம்பெல்லாம் கையைக் கிழிக்கும், அதனால் செலோடேப் சுற்றிய பிறகே பிள்ளைகளிடம் தர வேண்டும். பளபளப்பு உள்ளே பார்க்க முக்கோணக் குழாயாக நிறுத்தி, சைக்கிள் டியூப் வளையம் இரண்டு போட்டு இறுக்குங்கள். ஒரு முனையை ஓட்டை போட்ட அட்டையால் மூடுங்கள். மறு முனைக்குக் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் தாள். அதன் மேல் நாலைந்து வளையல் துண்டு, கல்யாணப் பத்திரிகைக்குள் வரும் பட்டர் பேப்பர், ஒரு ரப்பர் வளையம். ஒளி உள்ளே வரும், துண்டு வெளியே விழாது. துண்டுகள் உருண்டு விழ இடம் இருக்க வேண்டும், நிறைய போட்டு அடைத்துவிடாதீர்கள். உள்ளே தெரிவதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரையச் சொன்னால், சமச்சீர் பாடமும் கோலமும் ஒரே தாளில் வந்து நிற்கும்.

வெந்தயம் போட்ட காகிதக் கூழ்

ஃபெவிகால் கலந்த கூழ்தான் இப்போது எல்லா வீடியோவிலும் வருகிறது. ஆனால் நம் பாட்டிமார் முறத்துக்கும் ஓலைப்பெட்டிக்கும் மெழுகியது வெந்தயக் கூழ். ஊறிய வெந்தயம் வழவழவென்று பசையாக இருக்கும், அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. பழைய நோட்டுத் தாளைக் கிழித்து ஓரிரு நாள் ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயத்தைச் சேர்த்து உரலிலோ பழைய கிரைண்டரிலோ மையாக ஆட்ட வேண்டும். ஒரு வாளிப் பிழிந்த தாளுக்கு இரண்டு கைப்பிடி வெந்தயம் போதும். பளபளப்புத் தாள் வேண்டாம், சீக்கிரம் ஊறாது. போஸ்டர் ஒட்டும் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது விஷம். அந்தப் பசையை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

இந்தக் கூழில் எங்களுக்கு மிகவும் உதவியது தமிழ்நாட்டின் மலை வரைபடம். மருந்துக் கடை அட்டைப் பெட்டியை வெட்டி அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஓர் அடுக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தொட்டபெட்டா, 2637 மீட்டர், ஒன்பதாவது அடுக்கு முழுதாக முடிவதற்குள் நின்றுவிடும். சென்னை முதல் அடுக்குக்குக்கூட ஏறாது. மேலே கூழைப் பூசி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் பள்ளமாக விழும். விரலை வைத்துத் தடவிப் பார்க்கிற பிள்ளைக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏன் அவ்வளவு காற்று என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரை அதில் ஒரு ஊசியால் குத்திக் காட்டுவேன். மேற்கே மலை மதிலாக நிற்கிறது, தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இந்த வறண்ட ஊரில் வேர்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சின்னச் சின்னதாக இன்னும் நிறைய உண்டு. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் 5, 10 மில்லிக் கோடு இருக்கும். தண்ணீர் 10 மில்லி என்றால் 10 கிராம். காலண்டர் அட்டையில் வெட்டிய கோலில் இரண்டு மூடியைத் தொங்கவிட்டால் எடைக்கல் வாங்காமலே தராசு கிடைத்துவிடும். பழைய சி.டி.யில் ட்யூப் லைட்டின் (எல்.இ.டி. அல்ல, பழைய வகை) ஒளியைச் சாய்த்துப் பார்த்தால் நிறங்கள் தனித்தனிப் பட்டையாகத் தெரியும், குண்டு பல்பில் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியாகத் தெரியும். சூரியனை மட்டும் அதில் பார்க்கவே கூடாது. தேர்தலோ திருவிழாவோ முடிந்தபின் கேட்டு வாங்கும் ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம், வகுப்பறைத் தரையில் விரிக்கும் பரமபதத்துக்கும் எண்கோட்டுக்கும் அளவெடுத்தது.

எதை உள்ளே விடக்கூடாது

உடைந்த ட்யூப் லைட், சி.எஃப்.எல். பல்பு: உள்ளே பாதரசம். கசிந்த செல், பூச்சிமருந்து டப்பா, ஆஸ்பத்திரி ஊசி, மாத்திரை மிஞ்சிய அட்டை: எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைக் கழிவிலிருந்து வரும் காகிதக் குழாய், உருளை, திரி எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது. காலியாகத்தான் இருக்கும், பார்க்க அருமையான உருளை, பிள்ளைகள் ஆசையோடு பொறுக்கிக்கொண்டும் வருவார்கள். ஒட்டியிருக்கும் மருந்துத் தூள் கண்ணுக்குத் தெரியாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அச்சகத்தில் கேட்கும்போதும் வெட்டு ஓரத் தாளையும் அட்டையையும் மட்டும் கேளுங்கள். மை துடைத்த துணியும் கெமிக்கல் டப்பாவும் வேண்டாம்.

வந்ததை வைப்பதற்கு எங்களிடம் அரிசிச் சாக்குகளும் காலி பெயிண்ட் வாளிகளும்தான். விறைப்பது, வளைவது, உருள்வது, ஒளி விடுவது, காந்தம் ஒட்டுவது என்று பெயர் எழுதியிருக்கிறோம். தாள், பிளாஸ்டிக், உலோகம் என்று பிரித்தால் பிள்ளைகள் யோசிக்காமல் போட்டுவிடுவார்கள். குணத்தை வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு விவாதம் நடக்கும். எக்ஸ்ரே ஃபிலிம் வளைவதா, ஒளி விடுவதா? அந்தச் சண்டையை நடக்க விடுங்கள். சாக்கு நிறைந்தால் புதிதாக வாங்குவதில்லை. பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுத்தான் மறுபடி சேர்ப்போம், இல்லாவிட்டால் எலியும் பூரானும் குடிவந்துவிடும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைக்காமல் யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

செய்த பொருள்களையும் பருவம் முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். மூட்டு மூட்டுகளாக, குச்சி குச்சியாக, காந்தம் காந்தமாகத் திரும்ப வாளிக்குப் போகும். அதற்காகத்தான் கூடுமானவரை ஒட்டாமல் கட்டுவதும் செருகுவதும். பிரிக்கும் வேலையை அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால், செய்முறையைப் பாதி அதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். சைக்கிள் கடை, வைண்டிங் கடை, லேத் பட்டறை எல்லாம் ஆயுத பூஜைக்கு முந்தின சில நாட்களில் மூலைமுடுக்கெல்லாம் கூட்டுவார்கள். அப்போது போய் நின்றால் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மற்ற நாளில் அவர்கள் வேலையைக் கெடுக்கிற மாதிரி ஆகிவிடும். தையல் கடைக்குத் தீபாவளி முடிந்த வாரம். வீடுகளுக்குப் போகி. பாயும் துணியும் டயரும் தெருவில் எரிவதற்கு முன்னால், மார்கழி கடைசி வாரத்திலேயே பிள்ளைகள் மூலம் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பிவிடுங்கள். 'பழைய பொருள் கொடுங்கள்' என்று பொதுவாக எழுதினால் கந்தல்தான் வரும். காலண்டர் அட்டை, சி.டி., பஞ்சர் டியூப், ஓடாத ரேடியோ ஸ்பீக்கர், உடைந்த வளையல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வளையலைத் தாளில் சுற்றித் தரவும் என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.